கமரா வாங்க முன்னம் அறையைப் பாருங்கள்

"அண்ணன், எந்தக் கமரா வாங்கலாம்?"

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் படத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரை, எங்கே வைத்து எடுக்கப் போகிறீர்கள்? அந்தப் பதில் வராமல் சாமான் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

நம் பகுதியில் கிடைக்கிற வேலைகளைப் பாருங்கள். சாமத்திய வீடு, கலியாணம், நிக்காஹ், வலீமா, பிள்ளையின் முதல் பிறந்தநாள், கோயில் திருவிழா, பாடசாலை விழா. இப்போது பேஸ்புக்கில் சாமான் விற்கிறவர்களுக்குப் பொருட்படம் எடுப்பதும் ஒரு நல்ல வேலை. மருதமுனைக் கைத்தறிச் சேலை விற்கிறவருக்கு வாரம் ஒரு தடவை புதுப் படம் தேவை. இந்த வேலைகளில் பெரும்பகுதி கூரைக்குக் கீழே நடக்கிறது. முகத்தில் விழும் வெளிச்சத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். கையில் உள்ள காசில் பாதிக்கு மேல் கமராவுக்கே போய்விட்டால் கணக்குப் பிழைத்துவிடும் என்பேன். அடையாள அட்டைப் படம், பாஸ்போட் படம் பற்றிக் கடைசிக்கு முன்னால் சொல்கிறேன். அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது.

முதல் வேலை: அளவு நாடா எடுங்கள்

ஸ்டூடியோ வைக்கப் போகிற அறையை அளந்து பாருங்கள். வீட்டு முன்னறையோ, கடையின் பின்பகுதியோ, எதுவானாலும் சரி. நீளம் எத்தனை அடி, கூரை எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த லென்ஸ் வாங்குவது என்பதை இந்த இரண்டு எண்களும்தான் முடிவு செய்யும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாங்கும் கமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பிடிக்கும் தகடு. முழு அளவு சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். இது அதைவிடச் சிறியது, நிக்கோன், சோனி கமராக்களில் ஏறக்குறைய 23.5க்கு 15.6. அதனால் 50 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டால் முழு அளவு கமராவில் 75 போட்டதுபோல் படம் நெருங்கி வரும். கெனனில் 80. இதை மறந்து எல்லோரும் முதலில் வாங்குவது 50. விலை குறைவு, பின்னணி அழகாய் மங்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால்வரை 50இல் பிடிக்க நீங்கள் ஏறக்குறைய 15 அடி பின்னால் போக வேண்டும். ஆளுக்கும் பின்சுவருக்கும் நடுவில் 4, 5 அடி இடைவெளியும் வேண்டும். 20 அடி நீள அறை எத்தனை பேரிடம் இருக்கிறது?

35 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் 10 அடி தூரம் போதும். இடுப்புவரை எடுக்கிற படத்துக்கு 50இல் 7 அடி போதும். ஆகவே 12 அடி அறை உள்ளவர் 50ஐ வைத்து அரையுருவப் படம் நன்றாக எடுக்கலாம்; முழு உருவத்துக்குக் கமராவோடு வரும் 18-55தான் சரி. அந்தச் சாதாரண லென்ஸை யாரும் மதிப்பதில்லை. ஸ்டூடியோவில் எஃப் எண்ணை, அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவை (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), 8இல் வைத்துப் பிளாஷ் அடிக்கும்போது அது தருகிற கூர்மை தாராளமாகப் போதும். எஃப் 2.8 பெரிய லென்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியது மண்டப வேலை கிடைக்கத் தொடங்கிய பிறகு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 18இல் வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். மூக்கு பெருத்துக் காது பின்னால் போய்விடும். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்கிற மாமி அகலமாகத் தெரிவதும் இதனால்தான்.

பழைய கமரா வாங்குவது

2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியபோது கமரா விலையும் கூடவே ஏறியது. அதன் பிறகு தொழிலுக்கு வருகிறவர்கள் பாவித்த கமராவைத் தேடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பழைய ஆட்கள் உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராவுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கழற்றிவிடும், ஆடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். உங்களுக்கு நல்ல தொடக்கம். நிக்கோனின் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் பூட்டும் வளையம், 1959இல் வந்தது, கெனனின் ஈ.எஃப் 1987இல் வந்தது. அத்தனை வருடத்து லென்ஸும் கைமாறிக்கொண்டிருக்கிறது. நிக்கோன் எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: 3000, 5000 வரிசைக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'டி' வகை லென்ஸைப் பூட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு டோர்ச்சும் உங்கள் சொந்த மெமரிக் கார்டும் கொண்டு போங்கள். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளைவிட்ட வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம், மற்ற லென்ஸுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. தூசி இரண்டொரு பொட்டு இருந்தால் பரவாயில்லை. அடுத்து எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரைக் கொஞ்சம் போகஸ் கலைத்து எடுங்கள். சென்சரில் உள்ள அழுக்கு கரும்பொட்டாய்த் தெரியும். துடைத்தால் போகிற அழுக்கா, கீறலா என்று கேட்டுத் தெளியுங்கள். சென்சருக்கு முன்னால் திறந்து மூடுகிற திரையான ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதை நிக்கோன் படக் கோப்புக்குள்ளேயே பார்க்கலாம். கெனனில் பல மாதிரிகளுக்குத் தனி மென்பொருள் வேண்டும். சாதாரண வகைகளின் ஷட்டரை 100,000 தடவை அளவுக்குக் கணக்கு வைத்துச் செய்கிறார்கள். அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் விலையைக் குறைத்துப் பேச உங்களுக்கு அது ஒரு பிடி. கடைசியாக, பிளாஷ் பூட்டுகிற மேல் தட்டில் ஒரு பிளாஷைப் போட்டு அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். நீங்கள் ஸ்டூடியோ வேலைக்கு வாங்குகிறீர்கள். அந்தத் தட்டு வேலை செய்யாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் வீண்.

அதே தட்டில் அப்பா காலத்துப் பிலிம் கமரா பிளாஷைச் செருகிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். பழைய பிளாஷ்கள் சிலவற்றில் தொடு முனையில் 200 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். டிஜிட்டல் கமராவின் சர்க்கிட் எரிந்துவிடலாம்.

ஒரு லைட்டில் தொடங்குங்கள்

எல்.ஈ.டி. வாங்குவதா, பிளாஷா? வீடியோவும் பொருட்படமும்தான் வேலை என்றால் எல்.ஈ.டி. வாங்குங்கள், நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவு, அதாவது சி.ஆர்.ஐ. எண், 95க்கு மேல் இருக்க வேண்டும். ஆளைப் படம் எடுக்க என் தெரிவு பிளாஷ்தான். ஒரு சிறு பிளாஷ் கண நேரத்தில் கொட்டுகிற வெளிச்சத்துக்கு ஈடாக எல்.ஈ.டி. வைத்தால் ஆள் கண்ணைச் சுருக்குவார். நம் ஊர்ச் சூட்டில் வியர்வையும் சேரும்.

புதிதாய்த் தொடங்குகிறவருக்குத் தேவையானவை: கையால் பவர் மாற்றுகிற ஒரு பிளாஷ், அதை வயரில்லாமல் அடிக்கும் டிரிகர், ஒரு ஸ்டாண்ட், குடை பூட்டுகிற பிடி, 100 சென்றிமீற்றர் அளவு வெள்ளைக் குடை. கோடொக்ஸ் டிடி600 போன்ற பிளாஷுக்குள் றிசீவர் இருப்பதால் கமராவில் பூட்டும் டிரிகர் ஒன்று மட்டும் வாங்கினால் போதும். சார்ஜ் பண்ணக்கூடிய ஏஏ பற்றரி எட்டு வாங்குங்கள்: நான்கு உள்ளே, நான்கு சட்டைப் பையில்.

இனிச் செய்முறை. ஜன்னலைச் சாத்தி, கமராவை எல்லா அளவையும் நாமே வைக்கிற மனுவல் முறைக்கு மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. (சென்சரின் உணர்திறன்) 100, ஷட்டர் 1/125 செக்கன், எஃப் 8. பிளாஷை அடிக்காமல் ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வராவிட்டால் ஜன்னல் வெளிச்சமோ டியூப் வெளிச்சமோ உள்ளே வருகிறது. அதை முதலில் நிறுத்துங்கள். பிறகு குடையை ஆளின் முகத்துக்குப் பக்கவாட்டில் 45 பாகையில், நடுப்பகுதி கண்ணுக்குச் சற்று மேலே இருக்கும்படி, 3, 4 அடி தூரத்தில் வையுங்கள். பிளாஷ் பவர் 1/4. எடுத்துப் பாருங்கள்.

வெளிச்சம் கூடினால் பவரைக் குறையுங்கள், குறைந்தால் கூட்டுங்கள். ஷட்டரில் கை வைக்காதீர்கள். பிளாஷ் அடிக்கும் நேரம் மிகச் சிறியது என்பதால் ஷட்டர் 1/60இல் இருந்தாலும் 1/160இல் இருந்தாலும் முகத்தின் வெளிச்சம் மாறாது. மாற்றுவது பவர், எஃப் எண், ஐ.எஸ்.ஓ., தூரம் இவைதான். ஷட்டரை 1/200, 1/250க்கு மேல் ஏற்றினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டி விழும். ஷட்டர் திரை முழுதாய்த் திறக்க முன்னமே மூடத் தொடங்குவதால் அப்படி. கமரா பழுது என்று சொல்லி இதோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இப்போது தூரம். ஸ்டூடியோ வேலையில் பாதி இதற்குள் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். குடை முகத்துக்கு 1 மீற்றரில் இருக்கட்டும். பின்சுவர் குடையிலிருந்து 2.5 மீற்றரில் இருக்கட்டும். சுவருக்குப் போகும் வெளிச்சம் முகத்துக்கு விழுவதில் ஆறில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவர் படத்தில் கடும் சாம்பலாக நிற்கும். அதே குடையை 2 மீற்றருக்குத் தள்ளி, ஆளைச் சுவருக்கு அரை மீற்றரில் நிறுத்துங்கள். சுவருக்கு விழுவது முகத்தில் விழுவதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிடும், சுவர் வெள்ளைக்குக் கிட்டப் போகும். ஒரே சுவர், ஒரே லைட், இரண்டு நிறம். பின்னணித் துணி நாலு நிறத்தில் வாங்க முன்னம் இதைச் செய்து பாருங்கள்.

தூரத்தைக் கூட்டும்போது இன்னொன்றும் நடக்கும். ஆளின் கண்ணிலிருந்து பார்த்தால் குடை சிறுத்துவிடும். சிறுத்தால் நிழலின் ஓரம் கூராகும். மாரி காலத்து மப்பு வானத்தில் நிழலே விழாது, பங்குனி வெயிலில் மூக்கு நிழல் வெட்டியதுபோல் விழும். காரணம் ஒன்றுதான், வெளிச்சம் வருகிற இடத்தின் அகலம். மென்மையான வெளிச்சம் வேண்டுமானால் குடையை படச் சட்டத்துக்குள் தெரியாத அளவுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது லைட்டுக்குப் பதில் றெஜிபோம் தகடு ஒன்று வாங்குங்கள். டி.வி., பிரிட்ஜ் பெட்டிக்குள் வருவதே போதும். நிழல் பக்கத்தில், கன்னத்திலிருந்து 2 அடியில் யாராவது பிடித்தால் நிழல் திறக்கும், அதாவது கறுப்புக் குறையும். தகட்டின் மறுபுறம் கறுப்புத் துணி கட்டித் திருப்பிப் பிடித்தால் நிழல் இன்னும் கறுக்கும். இந்த இரண்டையும் வைத்து ஒரே ஆளைப் பத்து விதமாக எடுக்கப் பழகிய பிறகுதான் அடுத்த லைட் வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

சுவரும் கூரையும்

வெள்ளைக் குடை சின்ன அறைக்குள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் கொட்டும். அது சுவரில் பட்டு முகத்துக்குத் திரும்பும். சுவர் பச்சை டிஸ்டெம்பர் என்றால் முகத்தின் நிழல் பக்கம் பச்சையாகும், ரோஸ் என்றால் ரோஸ். கணினியில் இதைத் திருத்தப் போனால் விடிந்துவிடும், ஏனெனில் முகத்தின் ஒரு பாதி சரியாகவும் மறுபாதி பிழையாகவும் இருக்கும். ஸ்டூடியோ அறைக்கு வெள்ளை அடியுங்கள். சாம்பல் இன்னும் நல்லது. வாடகை வீட்டில் முடியாதென்றால் பழைய வெள்ளைப் பெட்ஷீற்றும் கறுப்புத் துணியும் கொடிகட்டித் தொங்கவிடுங்கள். அறை சிறுக்கச் சிறுக்கக் குடையைவிட 60க்கு 90 சென்றிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ், அதாவது முன்னால் வெள்ளைத் துணி போட்ட பெட்டி, நல்லது. வெளிச்சத்தை அது ஒரு பக்கமாகக் கட்டி வைக்கும்.

தகரக் கூரைக்குக் கீழே வைக்கப் போகிறீர்களென்றால் பங்குனி, சித்திரையில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு வாடிக்கையாளரை வரச் சொல்லாதீர்கள். மேக்கப் நிற்காது. ஃபான் வையுங்கள், ஆனால் காற்று முடியில் படாமல் காலுக்குக் கீழாக விடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நமக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பெரிய ஸ்டூடியோ பிளாஷுக்குள் இருக்கிற மின்தேக்கி, பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லக்கூடிய அளவு மின்னைப் பிடித்து வைத்திருக்கும். பழுதானால் நீங்களே திறக்காதீர்கள். தட்டை முள் பிளக்கோடு வருகிற சாமானுக்கு எர்த் இணைப்புள்ள அடப்டர் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

பொன், பட்டு, வியர்வை

நம் ஊரில் படத்துக்கு வருகிறவர்கள் மினுங்கும் மூன்று பொருளோடு வருகிறார்கள்: நகை, பட்டுச் சேலை, வியர்த்த நெற்றி. மூன்றுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சேர்த்துச் சொல்கிறேன்.

தங்கம் தன் நிறத்தைவிட எதிரில் இருப்பதைத்தான் அதிகம் காட்டும். கமராவின் தலையில் பிளாஷைப் பூட்டி நேரே அடித்துப் பாருங்கள். அட்டியலில் ஊசிமுனை போல நாலைந்து வெள்ளைப் பொட்டு விழும், மற்ற இடம் முழுதும் கறுக்கும். தங்கம் அங்கே கண்டது ஒரு சின்னப் பிளாஷையும் இருட்டறையையும்தான். அதே அட்டியலுக்குக் கிட்டே அகலமான சொஃப்ட்பொக்ஸைக் கொண்டுவந்தால் முழு வளைவும் மஞ்சளாய்த் திரளும். பொம்பிளையின் மடிக்கு மேலே, படத்தில் தெரியாமல், றெஜிபோம் தகட்டைப் படுக்க வைத்துப் பாருங்கள். தாலிக்கொடிக்கும் கழுத்துக்குக் கீழே தொங்குகிற பதக்கத்துக்கும் அடியிலிருந்து வெளிச்சம் ஏறும். நாடிக்குக் கீழ் நிழலும் திறக்கும். நகைப் படத்துக்கு நான் முதலில் தேடுவது இந்தத் தகட்டைத்தான், லைட் பிறகு.

பட்டுக்கு வெளிச்சம் பக்கத்தால் வர வேண்டும். நேரே முன்னால் அடித்தால் கூறைச்சேலையின் சரிகை வெறும் மஞ்சள் கோடாய்த் தட்டையாகும். பக்கத்தால் வந்தால் மடிப்புக்கு மடிப்பு ஏறி இறங்கும். கைத்தறிச் சேலையைக் கடைக்காரருக்காக எடுக்கும்போது இதை இன்னும் கடுமையாகச் செய்யலாம்: சேலையைப் பலகையில் விரித்து, கமராவை நேர் எதிரே வைத்து, லைட்டைத் துணியின் தளத்தோடு ஒட்டியதுபோல் சாய்வாக அடியுங்கள். நூலின் முண்டும் முடிச்சும் தெரியும். கைத்தறி வாங்குகிறவர் அதைப் பார்க்கத்தான் காசு கொடுக்கிறார்.

வியர்வைக்குப் பவுடர் பூச அவசரப்படாதீர்கள். முதலில் ரிஷூவால் ஒற்றி எடுங்கள். ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாய் நிற்கும். கறுத்த தோலை எடுக்கும்போது பலர் செய்வது பவரைக் கூட்டி வெளுக்கப் பார்ப்பது. நெற்றியும் மூக்கு நுனியும் எரிந்துபோகும், தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பவரைக் கூட்டுவதை விட்டு லைட்டை அகலமாக்குங்கள். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அதில் படர்கிற மினுக்கம்தான். அது அகலமாயும் மெதுவாயும் இருந்தால் போதும். முகத்தை வெள்ளையாக்கித் தாருங்கள் என்று வீட்டுக்காரர் கேட்பார்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை முதலில் காட்டுங்கள், பெரும்பாலும் அந்தக் கேள்வி திரும்ப வராது.

கண்ணாடி போட்டவருக்கு லைட்டைச் சற்று உயர்த்தி, கண்ணாடியின் காதுப் பகுதியை ஒரு விரல் அளவு தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் குடை கண்ணாடியில் தெரிவது போய்விடும்.

மண்டபத்தில்

கமரா தானாக வெளிச்சம் கணிக்கும்போது, எதிரில் உள்ளது எல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாய்ப் பத்துப் பேர் நிற்கிற கோயில் படத்தில் அது வெளிச்சத்தைக் குறைக்கும், முகங்கள் இருண்டுவிடும். காத்தான்குடியில் கறுத்த அபாயாவோடு பெண்கள் கூட்டமாய் நின்றால் வெளிச்சத்தைக் கூட்டும், முகங்கள் வெளுத்துவிடும். முதலாவதுக்கு ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டுங்கள், இரண்டாவதுக்கு ஒன்று, அதாவது பாதி, குறையுங்கள். தானாகப் பவர் கணிக்கிற டி.டி.எல். பிளாஷும் இதே ஏமாற்றம்தான் ஏமாறும்.

பிளாஷை நேரே அடிக்காமல் கூரைக்கு அடித்து இறக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். கூரை வெள்ளையாயும் தாழ்வாயும் இருந்தால் சரி. பெரிய மண்டபங்களில் கூரை எட்டாத உயரத்தில் இருக்கும், அல்லது அலங்காரத் துணி சிவப்பும் ஊதாவுமாகத் தொங்கும். அந்த நிறம் அப்படியே பொம்பிளையின் முகத்தில் இறங்கும். நான் சொல்வது: ஒரு தம்பியைக் கூட்டிப் போங்கள். தடி ஒன்றில் பிளாஷும் சின்னச் சொஃப்ட்பொக்ஸும் பூட்டி அவன் கையில் கொடுங்கள். மணவறைக்குப் பக்கவாட்டில் அவன் நிற்கட்டும். 200 வாட்-செக்கன் பற்றரி பிளாஷ் இருந்தால் மண்டப ஜெனரேற்றரின் ஏற்ற இறக்கத்தையும் பார்க்கத் தேவையில்லை.

வீடியோக்காரரோடு தொடங்க முன்னமே பேசிவிடுங்கள். எந்தப் பக்கத்தில் லைட் வைக்கிறார், மஞ்சளா வெள்ளையா என்று கேளுங்கள். அவருடைய லைட் 3200 கெல்வின் (மஞ்சள்), உங்கள் பிளாஷ் 5600 (வெள்ளை) என்றால் ஒரே முகத்தில் இரண்டு நிறம் விழும். பிளாஷின் முன்னால் செம்மஞ்சள் ஜெல் தாளை ஒட்டினால் இரண்டும் சேரும். மேடையில் எல்.ஈ.டி. அலங்காரம் இருந்தால், சிலவற்றில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாய் விழும். 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஓடுகிற லைட் செக்கனுக்கு 100 தடவை மினுங்குவதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். படத்தைச் சென்சர் பிடித்தபடியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுங்கள். நிறப் பிழையைத் திருத்த அதில்தான் இடம் இருக்கிறது.

கோயிலில் மூலஸ்தானத்துக்கு எதிரே நின்று எடுக்கலாமா என்று ஐயரையோ, பூசை செய்கிற கப்புகனாரையோ கேளுங்கள், இல்லையென்றால் இல்லைதான். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு போன்ற இடத்தில் பிளாஷை மறந்துவிடுங்கள். தணலின் சிவப்பு பிளாஷ் வெளிச்சத்தில் செத்துப்போகும். ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றி ஷட்டரை 1/250இல் வையுங்கள். படத்தில் மணல்போல் குருணை விழுந்தாலும் அந்த நிறம் படத்தில் இருக்கும்.

வெளியே

நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு: கடல் கிழக்கே, வாவி மேற்கே. கல்லடிக் கடற்கரையில் காலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். அங்கே காலை ஆறரைக்குக் கடலை முதுகாக்கி ஆளை நிறுத்தினால் பின்வெளிச்சம். பின்னேரம் என்றால் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கியிருக்கும், முகத்தில் நிரவலான வெளிச்சம், பின்னால் கடல் நீலம். வாவிக்கரையில் இது தலைகீழ். பாலத்துக்கும் வாவிக்கும் பின்னால் சூரியன் இறங்குகிற படம் வேண்டுமானால் பின்னேரம் ஐந்தரைக்கே இடத்தில் நில்லுங்கள். நம் ஊரில் சூரியன் மறைந்த பிறகு வெளிச்சம் நெடுநேரம் நிற்காது.

உச்சி வெயிலில் எடுக்கக் கேட்டால் மரநிழலுக்குள் கூட்டிப் போங்கள், நிழலின் ஓரத்தில் வெளிப்பக்கம் பார்த்தபடி நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் குடையைத் திறந்தவெளியில் நிறுத்தினால் ஸ்டாண்டோடு பறக்கும். அரிசிப் பையில் மணல் நிரப்பிக் காலில் கட்டுங்கள். கடற்கரையில் மணலுக்குப் பஞ்சமா?

உப்பும் ஈரமும்

கமரா கடைக்காரர் சொல்லாத செலவு இது. கடற்காற்றில் உப்பு இருக்கிறது, மாரியில் ஈரம் இருக்கிறது. லென்ஸில் பூஞ்சணம் பிடிக்க இரண்டு மாதம் அலுமாரிக்குள் மூடி வைத்தால் போதும். ஈரப்பதன் 40 முதல் 50 வீதம் வரை நிற்கும் மின்சார உலர்பெட்டி இருந்தால் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் சட்டியில் மெதுவாய்ச் சூடாக்கி ஈரத்தை வாங்கிவிட்டுத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், தவிடும் தூசியும்தான் மிச்சம். லென்ஸோடு வருகிற தோல் உறையையும் வேறாக்கி வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சற்று ஈரமான துணியால் உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். ஸ்டாண்டின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தவுடன் கமராவைப் பையிலிருந்து எடுத்தால் கண்ணாடி முழுக்க நீர் பூக்கும். பையோடு கொஞ்ச நேரம் விட்டு, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.

பாஸ்போட் படம்

கடவுச்சீட்டுக்கான படத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிந்து அனுமதி பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். படம் இணையம் வழியே திணைக்களத்துக்குப் போகும், வாடிக்கையாளர் கையில் பற்றுச்சீட்டு கொடுக்கப்படும். தேசிய அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஏற்பாடும் இதே மாதிரிதான். ஆகவே புதிதாய்த் திறந்த அன்றே இந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மற்றத் தேவைகளுக்கு 35க்கு 45 மில்லிமீற்றர் படம் கேட்பார்கள். அதற்கு அழகு வெளிச்சம் தேவையில்லை. இரண்டு பக்கமும் சம தூரத்தில் இரண்டு குடை, முகத்தில் நிழல் இல்லை, சுவரில் நிழல் இல்லை, காது தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு லைட் மட்டும் இருந்தால் குடையைக் கமராவுக்கு நேர் மேலே வைத்து, றெஜிபோமை மடியில் கொடுத்து, ஆளைச் சுவரிலிருந்து 4 அடி முன்னால் இருத்துங்கள்.

எடுத்ததைக் காப்பது

கார்டு வாங்கும்போது வி30 என்று பொறித்ததை வாங்குங்கள், செக்கனுக்கு 30 மெகாபைட் குறையாமல் எழுதும். போலிக் கார்டு நிறைய உலாவுகிறது. வாங்கிய அன்றே கார்டை முழுக்க நிரப்பித் திரும்பக் கணினிக்கு எடுத்துப் பாருங்கள். போலியில் பிற்பாதிப் படங்கள் திறக்காது. 128 ஜிகாபைட் ஒன்றைவிட 32இல் நாலு நல்லது. கலியாணத்துக்குப் போனால் பொன்னுருக்கு ஒன்றில், தாலிகட்டு ஒன்றில் என்று பிரித்துப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட முன்னமே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வேறு வீட்டில், அதுவும் உயரமான தட்டில். 2011 தை வெள்ளத்தில் மட்டக்களப்பில் தண்ணீர் வீட்டுக்குள் எங்கெங்கே ஏறியது என்று பெரியவர்களைக் கேட்டால் எந்தத் தட்டு என்பது தெரிந்துவிடும். அல்பம் கைக்குப் போய், மிச்சக் காசும் வந்த பிறகு கார்டை அழியுங்கள். அழிப்பதைக் கணினியில் செய்யாமல் கமராவிலேயே ஃபோர்மட் போட்டுச் செய்யுங்கள்.